பாடத்திட்டம் இல்லாதவனின் அலமாரி

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. கல்லூரிப் பக்கமே போகாமல், தெரிந்துகொண்டதையெல்லாம் புத்தகங்களிடம் தெரிந்துகொண்டவன் என்ற உரிமையில் அதில் ஒரு திருத்தம் சொல்ல எனக்கு ஆசை. கண்டதைக் கற்றவன் பண்டிதன் ஆவது இருக்கட்டும், முதலில் அவன் நெடுங்காலம் குழம்பிக் கிடப்பான். ஆர்வம் இருக்கும், நேரமும் இருக்கும், எதற்கு அப்புறம் எதைப் படிப்பது என்று சொல்ல மட்டும் ஆள் இருக்காது. கல்லூரியில் கிடைக்கும் பெரிய உதவி வகுப்புகளைவிடப் பாடத்திட்டம்தான் என்று நான் நினைப்பதுண்டு. மாணவர்கள் அதைத் திட்டுவார்கள், தேர்வு முடிந்ததும் கிழித்துப் போடுவார்கள். ஆனாலும் யாரோ நாலு பேர் உட்கார்ந்து, இது முன்னால், இது பின்னால், இதைப் படிக்காமல் அது புரியாது என்று யோசித்து எழுதி வைத்த தாள் அது. தானே படிக்கிறவனுக்கு அந்தத் தாள் கிடையாது, அலமாரிதான் இருக்கிறது.

என் அலமாரியில் முதலில் குடியேறியது கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வெளிவந்ததே, அதில் ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே போயின, இது மட்டும் எப்படி வீட்டுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அகரவரிசையில் உலகத்தைத் தெரிந்துகொள்வது விசித்திரமான கல்வி. ஒரு பக்கத்தில் ஒரு செடி, அடுத்த பக்கத்தில் ஒரு அரசர், அதற்கடுத்து ஒரு நோய். இவர்களுக்குள் உறவு என்று பார்த்தால் முதலெழுத்து மட்டும்தான். ஆர்வமாகப் படித்துக்கொண்டே போகும்போது கட்டுரை இன்னொரு தலைப்பைக் கைகாட்டும், அந்தத் தலைப்பு என்னிடம் இல்லாத தொகுதியில் இருக்கும். அப்போது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஒரு புத்தகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது, அதைத் தேடிப் பிடிக்கிறேன், அது மூன்றாவது ஒன்றைக் காட்டுகிறது என்று என் வாசிப்பு முழுக்க அந்த எரிச்சலில் ஓடியதுதான். புதுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முன்னுரைக்கு முன்னால் கடைசியில் இருக்கும் துணைநூல் பட்டியலைத்தான் பார்ப்பேன். பட்டியலே இல்லாத கட்டுரை நூல் என்றால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

முதலில் கையில் கிடைக்கும் கனமான புத்தகம் ஒருவரின் கையெழுத்தையே தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு ராமானுஜனைவிட நல்ல சாட்சி கிடையாது. 1903 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், அவருக்கு இரவலாகக் கிடைத்தது கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம். கார் பெரிய கணித மேதை ஒன்றும் இல்லை, மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அதனால் அவருடைய புத்தகம் ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை எண் போட்டு அடுக்கிவிட்டுப் போகும். நிறுவல் என்று பார்த்தால் ஒரு வரி இருக்கும், பல இடங்களில் அதுவும் இருக்காது. ராமானுஜன் அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்த்துக் கணிதம் கற்றார். அப்புறம் அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்களைப் பாருங்கள், அச்சு அசல் அதே வடிவம்: முடிவு, அதற்கடுத்த முடிவு, அதற்கும் அடுத்த முடிவு, நிறுவல் அநேகமாக எங்கும் இல்லை. காகிதத்துக்குப் பஞ்சம், கணக்கைச் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் எழுதினார் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் கணிதம் என்றால் இப்படித்தான் எழுதுவார்கள் போல என்ற நினைப்பை அவருக்குக் கொடுத்தது காரின் புத்தகம் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவர் நிறுவாமல் விட்டுப் போனதையெல்லாம் நிறுவி, புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்து முடித்தது 1998இல்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் இருந்தவற்றில் சில ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவை. சிக்கலெண் சார்புகள் பற்றிய கோட்பாடு அன்றைக்குக் கணிதம் படித்த மாணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, அது இவருக்கு எட்டவே இல்லை. ராமானுஜனுக்கே இந்தக் கதி. நம்மைப் போன்றவர்கள் தானாகப் படிக்கும்போது எத்தனை கதவு திறந்தே இருப்பது தெரியாமல் சுவரை இடித்துக்கொண்டிருப்போம் என்று யோசித்தால் பகீர் என்கிறது. தானே படித்து மேலே வந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் இந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிவிடும். அதில் எனக்குக் கோபம் உண்டு.

ராமானுஜனுக்கு எதிர்ப்பக்கத்தில் மின்காந்த ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற விஞ்ஞானி ஃபாரடேயை வைத்துப் பார்ப்பேன். லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் 1805இலிருந்து ஏழு வருடம் வேலை கற்றுக்கொண்ட பையன். தைக்க வந்த புத்தகங்களையே படித்தான். அப்படிப் படித்ததில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் உரையாடல். ஒரு ஆசிரியை, இரண்டு மாணவிகள், கேள்வி, பதில், நடுவில் பரிசோதனை. ஒரு மாணவி ஒழுங்காகக் கேட்பாள், இன்னொருத்தி குறுக்கே புகுந்து கேட்பாள். அந்தப் புத்தகம் விடையைத் தூக்கி நீட்டுவதில்லை, எப்படித் தெரியும் என்று கேட்க வைக்கிறது. ஃபாரடேயும் அதில் சொன்னதை அப்படியே நம்பாமல், தன் கைக்காசுக்கு முடிந்த பரிசோதனைகளைச் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார். கடைசிவரை அவர் கட்டுரைகளில் கணிதம் தேடினாலும் கிடைக்காது, அதை மாக்ஸ்வெல்தான் வந்து எழுத வேண்டியிருந்தது. ஆனால் செய்து பார்த்து நம்பும் வழக்கம் கடைசிவரை இருந்தது. இரண்டு பேருக்கும் பாடத்திட்டம் கிடையாது, இருவருமே மேதைகள். கைக்கு முதலில் வந்த புத்தகம்தான் வேறு.

சரி, மேதை இல்லாதவன் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த வழி, ஒரே விஷயத்தைப் பற்றி ஒத்துப்போகாத இரண்டு புத்தகங்களையாவது பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, தற்செயலாக நடந்தது. என்னிடம் பழைய புவியியல் நூல் ஒன்று இருக்கிறது. பூமி மெல்ல மெல்ல ஆறிச் சுருங்குகிறது, அதனால் மேல்தோல் மடிந்து மலைகள் எழும்பின என்று அதில் அழகாக, கொஞ்சமும் தயங்காமல் எழுதியிருக்கும். படித்தால் நம்பாமல் இருக்க முடியாது, அப்படி ஒரு நடை. அதற்குப் பக்கத்தில் பிற்பாடு வந்த இன்னொன்றை வைத்தேன். இதில் கண்டங்களே நகர்கின்றன, பூமியின் மேலோட்டுத் தட்டுகள் முட்டிக்கொள்கின்றன, மலை அங்கே எழும்புகிறது. சுருக்கம் என்ற பேச்சே இல்லை. இரண்டு ஆசிரியர்களும் நன்றாகப் படித்தவர்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி உறுதியாகப் பேசுகிறார்கள். யாரை நம்புவது?

நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் போனதுதான் என் புவியியல் படிப்பு. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகேனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1912இலேயே சொல்லிவிட்டார். எது அவற்றை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை, ஆகவே பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1960களில் கடலடித் தரை பிளந்து விரிவதற்குக் காந்தச் சான்று கிடைத்த பிறகுதான் காற்று திசை மாறியது. என் பழைய நூல் அதற்கு முன்னால் எழுதப்பட்டது, அவ்வளவுதான் விஷயம். அது பொய் சொல்லவில்லை, அன்றைக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. இப்போதெல்லாம் அறிவியல் புத்தகம் எடுத்தால் பதிப்பு ஆண்டு இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன், மறுபதிப்பு என்று போட்டிருந்தால் முதல் பதிப்பு எப்போது என்று தேடுவேன். அந்தப் பழைய நூலைத் தூக்கிப் போடச் சொன்னவர்கள் உண்டு. போடவில்லை. புதிய நூல் தனியாக இருந்தால் அதையும் வேதவாக்கு மாதிரிதான் படித்திருப்பேன். பக்கத்தில் சண்டைக்கு ஒரு ஆள் இருப்பதால்தான் அதைக் கேள்வி கேட்க முடிகிறது.

இங்கேதான் அடுக்கும் முறை வருகிறது. புத்தகம் வைத்திருப்பவர்கள் கூடினால் கடைசியில் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். நாட்குறிப்புக்குப் பெயர்போன பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் தன் 3,000 புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினார். குட்டையான புத்தகங்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து மேல்மட்டத்தைச் சமன் செய்தார். கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரியில் இன்றைக்கும் அவை அதே வரிசையில் நிற்கின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும், எனக்குத்தான் உதவாது. அமெரிக்க நூலகர் ட்யூயி 1876இல் கொடுத்த தசம முறை பல நூலகங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதில் தமிழ் இலக்கியத்துக்கு என்ன எண் தெரியுமா? 894.811. ஆங்கிலத்துக்கு 820, பிரெஞ்சுக்கு 840 என்று முழு எண்களாக வாரிக் கொடுத்துவிட்டு, பிற இலக்கியங்கள் என்று 890இல் கூட்டமாக ஒதுக்கி, அதற்குள்ளேயும் புள்ளிக்கு அப்புறம் போய்ச் சங்கப் பாட்டைத் தேட வேண்டும். மதங்களுக்கும் இதே கதை, 200 வரிசையில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு, மிச்ச மதங்கள் எல்லாம் 290இல். அடுக்கு என்பது வெறும் வசதிக்கான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதனுக்கும் இந்தக் கூண்டுகள் போதவில்லை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மைச் சாமானைப் பார்த்தாராம். சில துண்டுகள், கொஞ்சம் திருகாணிகள், அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள். ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு கூண்டு எதற்கு, அதன் பொருள், இடம், காலம் என்று பல முகங்களையும் பூட்டி எண் கொடுத்தால் என்ன என்று போய், 1933இல் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. நூலகத்துக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகளைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், எனக்கு அந்த மெக்கானோதான் பிடித்தது.

என் வீட்டில் கோலனும் இல்லை, தசமமும் இல்லை. ஹாம்பர்க்கில் ஆபி வார்பர்க் என்பவர் செய்ததைத்தான் என் சின்ன அளவில் செய்கிறேன். வங்கிக் குடும்பத்தின் மூத்த மகன், குடும்பத் தொழிலில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கேட்ட புத்தகமெல்லாம் வாங்கித் தர வேண்டும் என்று பேரம் பேசியவர். பேரம் பேசியபோது வயது பதின்மூன்று என்கிறார்கள். தம்பி பாவம், பின்னாளில் அந்த நூலகத்தின் அளவைப் பார்த்து என்ன நினைத்தாரோ. 1933 கடைசியில் நூலகம் நாஜிகளிடமிருந்து தப்பிக் கப்பலில் லண்டனுக்குப் போனபோது அதில் 60,000 புத்தகங்கள் இருந்தன. வார்பர்க்கின் கொள்கை நல்ல அண்டை வீட்டுக்காரர்: நீ தேடி வந்த புத்தகத்தைவிட அதற்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகம்தான் உனக்குத் தேவைப்படும், ஆகவே பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் கவனமாக இரு.

என் அலமாரியில் மலேரியா வரலாறு பற்றிய ஒரு நூலுக்குப் பக்கத்தில் சாயங்களின் வேதியியல் நிற்கிறது, அதற்கடுத்து காலனி ஆட்சியும் தாவரவியலும். பார்ப்பவர்கள் ஏதோ இடம் மாறிப்போய்விட்டது என்று எடுத்துச் சரியாக வைக்கப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. காலனி நாடுகளில் மலேரியா, அதற்கு மருந்து சிங்கோனா மரப்பட்டையின் குயினின், அந்தப் பட்டைக்குத் தட்டுப்பாடு. குயினினைச் செயற்கையாகச் செய்யப் பார்த்துத் தோற்றவன் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன். 1856இல் அவனுடைய குடுவையில் குயினினுக்குப் பதில் ஊதாச் சாயம் கிடைத்தது, அதிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. கல்லூரியில் இந்த மூன்று புத்தகங்களும் மூன்று துறைகள், மூன்று கட்டிடங்கள். எனக்கு ஒரே தட்டு. பாடத்திட்டம் இல்லாததில் கிடைத்த லாபம் என்று நான் மனசார ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்.

படித்தது நினைவில் நிற்க நான் செய்வது ரொம்பச் சாதாரணம். பென்சில், கடைசி வெற்றுப் பக்கம். எந்தப் பக்கத்தில் எது என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதிவைப்பது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1686இல் இதற்கென்று ஒரு முறையே வெளியிட்டிருக்கிறார், குறிப்பேட்டின் முன்னால் எழுத்து வாரியாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பின் முதலெழுத்தையும் முதல் உயிரெழுத்தையும் வைத்துப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். நேர்த்தியான முறைதான், எனக்குப் பொறுமை இல்லை. இந்தப் பென்சில் பழக்கமும் நானாகப் பிடித்துக்கொண்டதில்லை. புத்தகங்களைப் பற்றி நான் பேசும் நண்பர் ஒருவர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் “எந்தப் பக்கத்துல?” என்று கேட்பார். பக்க எண் சொல்லவில்லை என்றால் அந்த வாதம் அன்றைக்குச் செல்லாது. ஃபாரடேகூட ஆபட் என்ற நண்பருக்கு விடாமல் கடிதம் எழுதினார், படித்ததை வேறொருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. நம் பக்கத்தில் மறைமலையடிகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை. தானே படித்தவர் என்று நாம் சொல்லும் யாரையும் கிட்டப் போய்ப் பார்த்தால், பின்னால் இப்படி ஒரு கடைக்காரரோ நண்பரோ நின்றுகொண்டிருப்பார்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் புத்தகக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள், ஆகவே சுருக்கமாக. தாள் தாளாகத் துளைத்துக்கொண்டு போவது ராமபாணம், அது ஒரு வகை வண்டின் புழு. பளபளவென்று ஓடுகிற வெள்ளிப்பூச்சி துளைக்காது, அட்டையிலும் பசையிலும் இருக்கும் மாவுச்சத்தை மேலாகச் சுரண்டித் தின்னும். இரண்டுக்கும் ஈரம்தான் உயிர், அதனால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பூச்சி விழுந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் போதும், மருந்து தேவையில்லை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், குளிர் விட்ட பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். தாள் பழுத்து நொறுங்குவதற்கு மட்டும் வீட்டு வைத்தியம் இல்லை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளும், மை பரவாமலிருக்கச் சேர்க்கும் படிகாரத்தின் அமிலமும் உள்ளேயிருந்து தின்பவை. அதனால்தான் நானூறு வருடத்துக்கு முந்தைய கந்தல்துணிக் காகிதம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, என் வயதுள்ள நாவல் தொட்டால் உதிர்கிறது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நமக்கு அப்புறம் இதெல்லாம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். மறைமலையடிகள் சேர்த்த ஏறக்குறைய 4,000 நூல்கள் 1958இல் அவர் பெயரிலேயே பொது நூலகம் ஆயின. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர், விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர், அவர் வீட்டில் சேர்ந்தது ஒரு லட்சத்தை ஒட்டி. புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் எடுத்து வைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, வாங்கியும் கொண்டு போகாமல் இங்கேயே வைத்து 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக்கினார்கள். எல்லாருக்கும் இப்படி அமையாது. மொத்தமாகக் கொடுக்கிறேன் என்றால் பெரும்பாலான நூலகங்கள் தயங்கும். பட்டியலிட ஆள் வேண்டும், இடம் வேண்டும், பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். குறை சொல்லவும் முடியாது.

அதனால் நான் தட்டுத் தட்டாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன், யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு, ஆனால் தட்டைக் கலைக்காமல். சாயமும் மலேரியாவும் இருந்த தட்டு எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மகளுக்குப் போயிற்று. பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே தானாக வேதியியல் படிக்கிற பெண். அண்டை வீட்டுக்காரர் கதையையெல்லாம் விளக்கமாகச் சொல்லித்தான் கொடுத்தேன். போன வாரம் ஃபோன் செய்தாள். “மாமா, நீங்க அடுக்கி வெச்ச வரிசையை மாத்திட்டேன். மலேரியாவைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சாச்சு. சாயத்துக்குப் பக்கத்துல இப்ப வெடிமருந்து இருக்கு. ரெண்டுக்கும் அதே நிலக்கரித் தார், அதே நைட்ரிக் அமிலம், நிறைய இடத்துல கம்பெனிகூட ஒண்ணுதான்.” எந்தப் பக்கத்துல என்று கேட்டேன். சொன்னாள், சரியாக இருந்தது. அந்த வெடிமருந்துப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தருகிறாயா என்று கேட்டிருக்கிறேன்.